உம்மாவின் காதுக்கு ஒரு றேடியோ

காது கேட்காத மனுசிக்கு எதற்கடா றேடியோ என்று அந்த நாளில் என்னைக் கேட்காத ஆள் மருதமுனையில் இல்லை. கேட்டவர்கள் எல்லோருக்கும் நல்ல காது. அந்த நல்ல காதை வைத்துக்கொண்டு ஊர் வம்பைத் தவிர வேறு எதைக் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டேன். நின்று பதில் சொல்லியிருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும்.

உம்மாவுக்குக் காது முழுதாகப் போயிருக்கவில்லை, அதுதான் விஷயம். போய்க்கொண்டிருந்தது. வாப்பா மௌத்தான பிறகு என்னையும் தங்கச்சியையும் உம்மா தறியில் இருந்துதான் வளர்த்தார். விடியச் சுபஹுத் தொழுதுவிட்டுத் தறியில் குந்தினால் பின்னேரம் அஸர் வரைக்கும் சடக் சடக் என்று அந்தச் சத்தம். எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் அதே சத்தம்தான். அது மனுசரின் காதைத் தின்னும் என்று எங்களுக்கு யார் சொன்னது? தங்கச்சி பின்னால் நின்று கூப்பிட்டால் உம்மா திரும்பமாட்டார். நாங்கள் சத்தம் போட்டுக் கதைத்தால், "வாய்க்குள்ள என்னத்தடா வெச்சிரிக்கீங்க, ஒழுங்காக் கதைங்களன்" என்று எங்களுக்கே ஏச்சு விழும்.

பிறகு அந்த நோன்பு வந்தது. அந்திக்குப் பள்ளிவாசலில் சொல்லும் மஃரிப் பாங்கு உம்மாவுக்குக் கேட்பதில்லை என்று எங்களுக்கு அதுவரை தெரியாது. அவர் தங்கச்சியின் வாயைப் பார்த்துத்தான் நோன்பு திறந்துகொண்டிருந்திருக்கிறார். தங்கச்சி பேரீச்சம்பழத்தைக் கடித்தால் அவரும் கடிப்பார். ஒருநாள் தங்கச்சிக்கு நோன்பில்லாத நாள். பொழுது சாய்கிற நேரம், கஞ்சிக்கு உப்புப் பார்க்க ஒரு மிடறு வாயில் வைத்திருக்கிறாள். உம்மா அதைக் கண்டதும் பிஸ்மில்லாஹ் சொல்லிப் பழத்தைக் கடித்துவிட்டார். அதன் பிறகுதான் பாங்கு சொன்னார்கள். தங்கச்சி பதறி, கையைக் காட்டி, விஷயத்தை விளங்கப்படுத்தியதும் உம்மா வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு அழத் தொடங்கினார். அடுத்த நாள் என் பெண்சாதி வீட்டிலிருந்து நான் போனபோதும் கண் வீங்கித்தான் இருந்தது.

"பாங்கு கேக்காத காது இரிந்தென்ன, இல்லாட்டி என்ன மனே?" என்று கேட்டார். "இனி எனக்கு ஓதுறதும் கேக்காதா?"

கல்முனையில் ஒரு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், இசைக்கவை ஒன்றைத் தட்டி எலும்பில் வைத்துப் பார்த்தார், பிறகு என்னை மட்டும் வெளியில் கூப்பிட்டார். நரம்பு செத்துக்கொண்டு வருகிறது, மருந்தில்லை, மிச்சம் இருப்பது கொஞ்சக் காலத்துக்குத்தான் என்றார். தடித்த சத்தம், ஆண்குரல் போன்றது, கடைசி மட்டும் கேட்கும். மெல்லிய சத்தம் முதலில் போகும். இவ்வளவுதான் அவர் சொன்னது. வண்டிலில் வரும்போது உம்மா, "என்னவாம்?" என்று கேட்டார். "எண்ணெய் தந்திரிக்காரு உம்மா, சுகமாயிரும்" என்றேன். என்ன எண்ணெய்? ஒரு மண்ணும் இல்லை.

அந்தக் காலத்தில்தான் எங்கள் ஒழுங்கையில் ஒரு கலியாண வீட்டுக்குக் கல்முனைக் கடைக்காரர் ஒருவர் ஒரு பெரிய றேடியோவைக் கொண்டுவந்து வைத்தார். ஆணி, கம்பி, சைக்கிள் சாமான், றேடியோ எல்லாம் விற்கிற மனுசன். விலைப்படாமல் கிடந்த சாமானை நாலு பேர் காணட்டும் என்று வைத்திருப்பார். அன்று வெள்ளிக்கிழமை. பின்னேரம் கொழும்பிலிருந்து முஸ்லிம் நிகழ்ச்சி வரும், அதில் முதலில் குர்ஆனிலிருந்து கிறாஅத் ஓதுவார்கள். பெண்கள் இருந்த அறைக்கும் றேடியோவுக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டிதான். உம்மா அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். திடீரென்று நிமிர்ந்து, தங்கச்சியின் கையைப் பிடித்து, "ஆரோ ஓதுறாங்கடி!" என்றாராம். தங்கச்சி எனக்கு இதைச் சொல்லும்போது அவளுக்கும் அழுகை, எனக்கும் அழுகை.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், வீட்டை விற்றாவது ஒரு றேடியோ. வீட்டை விற்றாவது என்று சும்மா வாய்க்கு வந்தபடி சொல்கிறேன். எந்த வீட்டை? எங்கள் பக்கத்தில் ஆம்பிளைக்கு வீடு ஏது? நான் கலியாணம் முடித்துச் சாய்ந்தமருதில் பெண்சாதியின் வீட்டில் இருந்தேன். அது அவளுக்கு அவளுடைய உம்மா கொடுத்த சீதனம். மருதமுனை வீடு உம்மாவினுடையது, தங்கச்சிக்கு மாப்பிள்ளை வந்தால் அது தங்கச்சிக்கு. ஆம்பிளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவான், இருப்பான். இதில் குறை சொல்லவும் ஒன்றுமில்லை, எல்லாரும் அப்படித்தான் இருந்தோம்.

கடைக்காரரிடம் போனால் மனுசன் என் முன்னால் இரண்டை வைத்தார்.

ஒன்று அந்தக் கலியாண வீட்டில் கண்ட பெரியது. கல்லோயாவில் அணை கட்ட வந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் தன் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போனது. நாலு காலில் நிற்கிற அலுமாரி அது. தேன் நிறத்து மரம், முன்னால் பொன் நூல் ஓடிய துணி, ஸ்டேஷன் சரியாகப் பிடித்தால் சுருங்குகிற பச்சைக் கண். கார் பற்றரியிலும் ஓடுகிற மாதிரி கொழும்பில் மாற்றி எடுத்திருந்தார். மற்றது அந்த வருசம் வந்த புது மொடல். முட்டை நிறத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பெட்டி, தூக்க ஒரு கைபிடி, உள்ளுக்குள் உலர் பற்றரி. அட்டைப் பெட்டியை என் கண் முன்னாலேயே உடைத்தார். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே விலை சொன்னார்.

"பெரிசு ராசா வீட்டுச் சாமான் தம்பி," என்றார். "ஆனா வால்வு போனா நான் பொறுப்பில்ல. கொழும்பிலயும் கிடைக்குமோ தெரியா. சின்னது புதுசு, ஒரு வருசத்துக்கு நான் பாத்துத் தருவன். ஆனா சத்தம் சின்னது. மறைக்கிறதுக்கு ஒண்டுமில்ல, இனி உங்கட விருப்பம்."

என்னால் முடிவுக்கு வர ஏலவில்லை. நான் கல்முனையில் ஒரு நெல்லு மில்லில் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த எஞ்சின் என்னைவிட வயதானது, சீமையிலிருந்து வந்தது, அசைக்க ஏலாது. அதற்குப் பக்கத்தில் புதிதாக வாங்கிப் போட்ட பம்பு மாதத்தில் பாதி நாள் படுத்தே கிடக்கும். அதைப் பார்த்தால் பெரியதுதான் சரி. ஆனால் கடற்கரை ஊரில் உப்புக் காற்று எதையும் விட்டுவைக்காது. துரையின் பங்களாவில் நோகாமல் இருந்த சாமான் எங்கள் வீட்டில் ஒரு மாரியைத் தாங்குமா? ஒரு வால்வு போனால் அது அலுமாரிதான், உடுப்பு வைக்கலாம். சின்னது போனால் கடைக்காரரின் கழுத்தைப் பிடிக்கலாம். இப்படி அங்கும் இங்குமாக யோசித்து, பெண்சாதியிடமும் அதையே கதைத்துக் கதைத்து, கடைசியில் அவள் எழும்பி நின்று, "ஒண்டு பெரிச எடுங்க, இல்லாட்டி சின்னத எடுங்க, இல்லாட்டி ரெண்டையும் கடலுக்குள்ள போடுங்க. எனக்கு நித்திரை வருகுது" என்றாள்.

உம்மாவின் தம்பி, எங்கள் மாமாவுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. அவர் வாய் ஒரு தனி வாய். "பெரிசத்தான் எடுக்கணும்! மாப்பிள்ள பாக்க வாறவங்களுக்கு வீட்டு மண்டபத்தில காட்ட என்ன இரிக்கி? தறியக் காட்டுறதா?" என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. "இது உம்மாட காதுக்கு மாமா, மாப்பிள்ளைக்கில்ல" என்றேன். "காதுக்கும்தான்" என்றார் அவர்.

முடிவை உம்மாவின் காதுக்கே விடுவோம் என்று, ஒரு வெள்ளிக்கிழமை கூடார வண்டிலில் அவரையும் தங்கச்சியையும் கல்முனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் நல்ல மனுசன். உள் அறையில் பாய் விரித்து, சேலையால் மறைப்புக் கட்டி, இரண்டு றேடியோவையும் உள்ளே வைத்துவிட்டுத் தான் கடையில் இருந்துகொண்டார். நிகழ்ச்சி தொடங்கியதும் நான் முதலில் சின்னதைத் திறந்தேன். உம்மா காதைக் கிட்டக் கொண்டுபோய், முகத்தைச் சுழித்து, "வண்டு கத்துற மாதிரி இரிக்கி மனே" என்றார். அதை மூடிப் பெரியதைத் திறந்தேன். அடித்தொண்டையில் ஓதுகிற ஆள். பலகை அதிர்ந்தது. உம்மா உள்ளங்கையை மரத்தில் வைத்தார், பிறகு மற்றக் கையையும் வைத்தார். அவர் வாய் தானாக அசையத் தொடங்கியது. ஓதுகிறவர் நிறுத்திய இடத்தில் நிறுத்தி, தொடங்கிய இடத்தில் தொடங்கினார். கேட்கிறது! ஒவ்வொரு சொல்லும் கேட்கிறது! எனக்கு வேறென்ன தேவை?

"ஆரோ மனிசன் பக்கத்தில குந்தி எனக்கெண்டே ஓதுற மாதிரி இரிக்கி," என்றார் உம்மா. "இதத் தா மனே."

வால்வாவது, உப்புக் காற்றாவது. பெரியதை வாங்கினோம்.

அதை இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது. முன் மண்டபத்தில் நல்ல சுவரோரமாக வைத்தோம். ஏரியல் கம்பியைத் தென்னையில் ஏற்றிக் கட்டினோம், மண்ணுக்குள் ஓர் இரும்புக் கோலை அடித்து மற்றக் கம்பியைக் கொடுத்தோம். மாமா வேலை எதையும் தொடாமல் எல்லோரையும் ஏசிக்கொண்டு நின்றார். அந்தச் சில மாதங்கள் உம்மா சந்தோசமாக இருந்தார், அதை நான் சொல்லத்தான் வேண்டும். பாய் போட்டு, முதுகை அந்த மரத்தில் ஒட்டிச் சாய்ந்துகொண்டு, கையில் நூல் சுற்றிக்கொண்டு இருப்பார். காதால் கேட்டாரோ முதுகால் கேட்டாரோ, கேட்டார். ஒருநாள் றேடியோவில் மார்க்கப் பயானில் சொன்ன ஒரு விஷயத்தை எனக்கே திருப்பிச் சொல்லி, நான் தொழாமல் திரிவதற்கு ஏசினார். அந்த ஏச்சு எனக்கு எவ்வளவு இனித்தது!

வாரம் ஒரு தடவை நான் பற்றரியைச் சைக்கிள் கரியரில் கட்டி மில்லுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவருவேன். அசிட் சிந்திச் சாரனெல்லாம் ஓட்டை. "உங்கட உம்மாட றேடியோ உடுக்கிறதுக்கு ஒரு சாரன் மிச்சம் வைக்காது" என்று பெண்சாதி சிரிப்பாள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு தங்கச்சிக்குப் பேச்சு வந்தது. கல்முனைக்குடியில் ஒரு வாத்தியார். நல்ல குடும்பம், நல்ல பெடியன், தங்கச்சிக்கும் வயது போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து மண்டபத்தில் இருந்தார்கள். வீடு, வளவு, கிணறு, ஐந்து தென்னை என்று மாமா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். வந்தவர்களின் கண்ணெல்லாம் றேடியோவில். அவர்களில் வயதான ஒருவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, பெரிய விஷயம் இல்லாத மாதிரி, "இந்தப் பெட்டியும் வீட்டோடயா?" என்று கேட்டார்.

மாமா சிரித்தார். "என்ன கேள்வி இது மச்சான்? இந்தச் சுவரில அடிச்ச ஆணியும் வீட்டோடதான்!"

சபையில் ஆண்கள் எல்லோரும் சிரித்தார்கள். தாய்மாமன் சபையில் விட்ட வார்த்தையை மருமகன் எழும்பி மறுத்தால் அந்தக் கலியாணம் அதே இடத்தில் முறியும். பெண் கேட்டு வருகிற ஆட்களும் இனி வரமாட்டார்கள். அது மாமாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், கதவுக்குப் பின்னால் நின்ற தங்கச்சிக்கும் தெரியும். உம்மாவுக்கு மட்டும் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. எல்லாரும் சிரிப்பதைக் கதவிடுக்கால் கண்டு அவரும் சிரித்துக்கொண்டு நின்றார்.

அவர்கள் போன பிறகு நான் மாமாவைப் பிடித்தேன். "அது உம்மாட உசிரு மாமா! நீங்க ஆரு அதக் குடுக்க?" என்று கத்தினேன். அவருக்கு என் கோபம் விளங்கவே இல்லை. "உனக்கென்ன விசரா? உங்கும்மா எங்க போகப் போறா? அதே வளவு, அதே வீடு. பெட்டியும் அங்கதான், அவவும் அங்கதான்" என்றார். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அந்த நேரத்தில் எங்கள் யாருடைய தலையிலும் ஏறாத ஒன்று இருந்தது. ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விஷயம்தான், அதனாலேயே யாரும் அதை நினைக்கவில்லை.

மருமகன் இருக்கும் இடத்துக்கு மாமி வரமாட்டார். எங்கள் ஊரில் அது சட்டம். முகத்துக்கு முகம் பார்க்கமாட்டார், நேரில் கதைக்கமாட்டார், கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்லி அனுப்புவார். மாப்பிள்ளை வந்து இறங்கிய நாளிலிருந்து மண்டபம் மாப்பிள்ளையுடையது. உம்மா தன் பாயையும் உடுப்புப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம், அடுப்பு எரிகிற குசினியை ஒட்டிய அறைக்குப் போய்விட்டார். சந்தோசமாகத்தான் போனார், மகளை ஒருவன் கையில் கொடுத்த தாய்க்கு வேறெப்படி இருக்கும்? முதல் வெள்ளிக்கிழமை வந்தபோதுதான் அவருக்கே அது உறைத்திருக்கிறது.

நான் பற்றரியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பின்னால் போனேன். உம்மா அறைச் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றார். மண்டபத்தில் றேடியோவில் கிறாஅத் போய்க்கொண்டிருந்தது, வாத்தியார் சாய்கதிரையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். "ஏதோ வருகுது மனே," என்றார் உம்மா. "சத்தம் வருகுது, சொல் வருகுதில்ல."

வாத்தியார் மச்சானைக் குற்றம் சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! தங்கச்சி விஷயத்தைச் சொன்னதும் அந்த மனுசன் அடுத்த வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி நேரத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியில் போய், வேலிக்கு அங்கால் ஒழுங்கையில் நின்றார். "மாமி வந்து இரிந்து கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். தங்கச்சி உம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். உம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"மருமகன ரோட்டில நிக்க வெச்சிட்டு நான் உள்ளுக்க இரிந்து றேடியோ கேக்குறதா? விடு புள்ள. ஊர் காறித் துப்பும்."

"ஆரும்மா துப்புற? அவரே சொல்லிட்டுத்தான் போறாரு!"

"அவரு நல்ல மனிசன், அதாலதான் ஏலா எண்டு சொல்றன்" என்றார் உம்மா. அதற்கு மேல் அவரை அசைக்க முடியவில்லை.

முழுச் சத்தமும் கூட்டிப் பார்த்தோம். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை அலறியது, கிழவர் ஒருவர் வேலியால் எட்டிப் பார்த்து, "அல்லாஹ்ட கலாம இப்படியா கத்த விடுற?" என்று ஏசினார். குசினியில் உம்மா தலையை ஆட்டி, இல்லை என்று கையைக் காட்டினார்.

கடைசியில் நானும் மச்சானும் அதை அப்படியே பின்னறைக்குத் தூக்கிக்கொண்டு போவது என்று முடிவு செய்தோம். யோசனை அவருடையதுதான். உட்கதவால் நுழையவில்லை. அந்த அலுமாரியின் அகலம் அப்படி. முன் வாசலால் வெளியில் எடுத்து, முற்றத்தால் சுற்றித்தான் போகவேண்டும். வாசலைத் தாண்டி முற்றத்தில் இறக்கி மூச்சு வாங்கினோம், அவ்வளவுதான், வேலியோரம் தலைகள் முளைத்தன. "என்ன, மாப்பிள்ளைக்குக் குடுத்தத திருப்பி எடுக்கிறாங்களா?" "கலியாணம் முறிஞ்சிட்டுதா?" "கடனுக்குப் போகுதாக்கும்!" இப்படி ஒவ்வொரு தலையும் ஒவ்வொன்று சொன்னது. மச்சானின் முகம் செத்துப்போனது. கல்முனைக்குடிக்கு இந்தக் கதை போய்ச்சேர எவ்வளவு நேரம் எடுக்கும்? அவருடைய உம்மா வண்டிலில் வந்து இறங்குவதற்கு எவ்வளவு நேரம்?

அப்போது உம்மா பின்பக்கத்திலிருந்து வந்தார். முக்காட்டை முகம் வரைக்கும் இழுத்துவிட்டு, மருமகனுக்கு முதுகைக் காட்டி, என்னைப் பார்த்து நின்றார். அந்தக் காதுக்குச் சனம் கத்தியது கேட்டிருக்காது. வேலியோரத்துத் தலைகளைக் கண்டது போதும் அவருக்கு.

"எடுத்த இடத்தில வெச்சிரு மனே. என்ட புள்ளட வீட்ட ஊர் சிரிக்க வெச்சிட்டு எனக்கு ஒரு ஓதலும் தேவல்ல."

"உம்மா, இது உங்களுக்கெண்டு வாங்கினது!"

"வைய்யி எண்டா வைய்யி!"

அவர் அப்படிக் கத்தி நான் அதற்கு முன் கேட்டதில்லை. வைத்தோம். பச்சைக் கண் அதே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகும் வாரம் ஒரு தடவை நான்தான் பற்றரியைக் கட்டிக்கொண்டு போனேன். வேறு யார் போவது? மில் என்னுடைய கையில் இருந்தது. மண்டபத்துக்கு வருகிறவர்கள், "என்ன சாமான்டா இது, என்ன சத்தம்!" என்று புகழுவார்கள். எனக்கு அந்தப் பெட்டியைக் கோடரியால் பிளந்துபோடவேண்டும் போல இருக்கும்.

கொஞ்சக் காலம் போய், கையில் காசு சேர்ந்ததும் நான் அதே கடைக்காரரிடம் போய் அந்த முட்டை நிறத்துச் சின்னப் பெட்டியைக் கேட்டேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு இறக்கித் தந்தார். கைபிடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நேரே மருதமுனைக்குப் போனேன். ஒரு கையால் தூக்கலாம், எந்த அறைக்கும் கொண்டுபோகலாம், எந்த மருமகனுக்கும் சொந்தமில்லை. முதலிலேயே இதை வாங்கியிருந்தால் என்ன என்று நினைக்க மனம் வரவில்லை. முதலில் இது வண்டுதானே?

அதற்கிடையில் உம்மாவின் காது இன்னும் கீழே போயிருந்தது. தங்கச்சி கத்தினாலும் உதட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்லுவார். பெட்டியை மடியில் வைத்து, கொழும்பைப் பிடித்து, சத்தத்தை முழுதாகக் கூட்டினேன். அவர் தூக்கிக் கன்னத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டார். நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"கேக்குதா உம்மா?"

"ஓம் மனே," என்றார், சிரித்துக்கொண்டு. "நல்லாக் கேக்குது. முந்தின மாதிரி வண்டு இல்ல. தெளிவாக் கேக்குது."

அல்ஹம்துலில்லாஹ்! சாய்ந்தமருது வரைக்கும் நான் சைக்கிள் மிதித்தது எனக்கு நினைவில்லை. பெண்சாதியிடம், "கேக்குதாம்டி! தெளிவாக் கேக்குதாம்!" என்று வாசலில் வைத்தே கத்தினேன். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பற்றரி தீரும் என்று நினைத்த உடனே புதிது வாங்கிக் கொடுத்தேன். போகும்போதெல்லாம் உம்மா அந்தப் பெட்டியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டுதான் இருப்பார். என்னைக் கண்டதும், "இப்பதான் முடிஞ்சிது மனே, அழகான பயான்" என்பார். வயிறு குளிரும்.

ஒருநாள் மில்லில் எஞ்சின் பட்டி அறுந்து வேலை நின்றது. பகல் நேரம். சும்மா இருப்பானேன் என்று மருதமுனைக்குப் போனேன். வளவுக்குள் சைக்கிளை உருட்டும்போதே பின்பக்கத்திலிருந்து சினிமாப் பாட்டு காதைப் பிளந்தது. மேளமும் விசிலும், ஒரு பெண் சிரித்துச் சிரித்துப் பாடுகிறாள். தங்கச்சிதான் சமைத்துக்கொண்டு பாட்டுக் கேட்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் தங்கச்சி கிணற்றடியில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தாள். தன் காக்கா நான் வந்து நிற்பதைக் கண்டதும், "யா அல்லாஹ், காலையில பாட்டுக் கேட்டன் காக்கா, திருப்பி வைக்க மறந்திட்டன்" என்று கையை உதறிக்கொண்டு எழும்பினாள்.

நான் அறைக்குள் போனேன். உம்மா பாயில் இருந்தார். பெட்டி கன்னத்தில். கண் மூடியிருந்தது. அன்று வெள்ளிக்கிழமைகூட இல்லை. அந்தப் பாட்டு அவ்வளவு சத்தத்தில் அவர் காதுக்குள் கத்திக்கொண்டிருக்க, உம்மா மெல்ல ஆடி ஆடி, நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தி, நீட்டவேண்டிய இடத்தில் நீட்டி, ஆயத்து ஓதிக்கொண்டிருந்தார்.

அந்த அறையில் அப்போது என்னைத் தவிர வேறு ஆள் இல்லை. நான் வந்தது அவருக்குத் தெரியாது. அவர் என்னை ஏமாற்றவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என் நிழல் பட்டதோ என்னவோ, கண்ணைத் திறந்தார். முகம் மலர்ந்தது. பாயில் தட்டி, பக்கத்தில் குந்தச் சொன்னார்.

"இரி மனே, முடியட்டும். எவ்வளவு வடிவா ஓதுறாங்க பாரு. நீயும் கேளன்."

தங்கச்சி ஓடிவந்து பெட்டியை நோக்கிக் கையை நீட்டினாள். வேண்டாம் என்று நான் தலையை ஆட்டினேன். எதற்குத் திருப்ப? எதைப் பிடிக்க?

"ஓம் உம்மா" என்றேன், அவர் பார்க்கும்படி உதட்டை அசைத்து. உம்மா மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார். நான் அவருக்குப் பக்கத்தில் குந்தினேன். அந்தப் பாட்டு முடிந்து அடுத்த பாட்டும் வந்தது, உம்மா ஓதிக்கொண்டே இருந்தார்.